ஊழியரின் மேற்படிப்புக்கு நிறுவனம் பணம் கொடுக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் தொழில் நடத்தும் தமிழர்களும், இங்குள்ள நிறுவனங்களில் ஹெச்.ஆர். பொறுப்பில் இருப்பவர்களும், வேலை பார்த்துக்கொண்டே எம்.டெக். அல்லது எம்.பி.ஏ. படிக்க நினைக்கும் ஊழியர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதப்பட்டுள்ளது. விடைகள் பெரும்பாலும் நிறுவனத்தின் பக்கம் நின்று எழுதப்பட்டவை. ஊழியருக்கான ஒரு கேள்வி பிற்பகுதியில் உள்ளது.

முதுநிலைப் பட்டத்துக்குப் பணம் கொடுக்கும் நிறுவனத்துக்கு உண்மையிலேயே ஆதாயம் உண்டா?

உண்டு. ஆனால் பலரும் எதிர்பார்க்கும் இடத்தில் அந்த ஆதாயம் இருப்பதில்லை. பட்டம் கைக்கு வந்த மறுநாளிலிருந்து ஊழியர் இருமடங்கு வேலை செய்வார் என்று நம்பிக் கட்டணம் கட்டுபவர் ஏமாறவே செய்வார். படிப்பு நடக்கும் இரண்டு ஆண்டுகளில் அவர் பெரும்பாலும் வேறு வேலை தேடுவதில்லை என்பது முதல் ஆதாயம். இது ஏறக்குறைய தானாகவே கிடைத்துவிடும். பட்டம் முடித்தவருக்கு அந்தப் படிப்பைப் பயன்படுத்தும் வேலையைக் கொடுத்தால் கிடைப்பது இரண்டாவது ஆதாயம். இது தானாகக் கிடைக்காது, நிறுவனம் மெனக்கெட வேண்டும். கட்டணத்தை மட்டும் கட்டிவிட்டு, படித்தவரைப் பழைய நாற்காலியிலேயே உட்கார வைக்கும் நிறுவனம் போட்டியாளருக்கு ஆள் தயார் செய்து அனுப்புகிறது என்பதே எம் கருத்து.

படித்து முடித்ததும் வேறு நிறுவனத்துக்குப் போய்விட மாட்டாரா?

இந்தக் கேள்வி பொருளியலில் பழையது. பயிற்சியை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்கப் பொருளியலாளர் கேரி பெக்கர் 1964-இல் எழுதினார். ஒரு நிறுவனத்துக்குள் மட்டுமே பயன்படும் திறமை ஒரு வகை. எங்கே போனாலும் விலைபோகும் பொதுத் திறமை இன்னொரு வகை. போட்டி நிறைந்த சந்தையில் பொதுத் திறமைக்கான பலன் முழுவதும் உயர்ந்த சம்பளமாக ஊழியரையே சேரும் என்பதால், அதற்கான செலவையும் ஊழியரே ஏற்பார், நிறுவனம் ஏற்காது என்பது அவருடைய வாதம். முதுநிலைப் பட்டம் பொதுத் திறமைக்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்த வாதத்தின்படி பார்த்தால், எந்த நிறுவனமும் எவருடைய எம்.பி.ஏ.வுக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது.

நடைமுறையில் கொடுக்கிறார்கள். ஏன் என்பதற்குப் பொருளியலாளர்கள் டேரன் அசெமோக்லுவும் ஸ்டெஃபென் பிஷ்கேயும் 1990-களின் இறுதியில் ஜெர்மானியத் தொழில் பழகுநர் முறையை வைத்து ஒரு விளக்கம் தந்தார்கள். ஓர் ஊழியரின் உண்மையான திறமை அவர் வேலை செய்யும் நிறுவனத்துக்குத் தெரியும் அளவு வெளியில் இருப்பவருக்குத் தெரியாது. வேலை மாறுவதிலும் அலைச்சலும் செலவும் உண்டு. ஆகவே திறமை உயரும் அளவுக்குச் சம்பளம் உயர்வதில்லை. அந்த இடைவெளி நிறுவனத்தின் கையில் தங்குகிறது.

பெங்களூரில் இந்த இரண்டு விளக்கங்களும் அடுத்தடுத்த பேட்டைகளில் உயிரோடு இருக்கின்றன. வெளிவட்டச் சாலையில் உள்ள மென்பொருள் நிறுவனத்தில் ஒருவர் தம் லிங்க்டுஇன் பக்கத்தில் புதிய பட்டத்தைச் சேர்த்தால், அன்று மாலைக்குள் ஆள்பிடிக்கும் கன்சல்டன்சிகளிடமிருந்து அழைப்பு வரும். அது பெக்கரின் சந்தை. தொழிற்பேட்டையான பீன்யாவில் எந்திர உதிரிபாகம் செய்யும் பட்டறையில் பத்து ஆண்டாக இருக்கும் எஞ்சினியரின் கைத்திறன் அடுத்த தெருப் பட்டறைக்காரருக்குக்கூட முழுதாகத் தெரியாது. அது அசெமோக்லுவின் சந்தை. உங்கள் நிறுவனம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பார்த்த பிறகே ஓடிவிடுவாரோ என்ற அச்சத்தை அளக்க வேண்டும்.

இதை யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள், பெரும்பாலும் அமெரிக்காவில். அவற்றுள் மிகப் பயனுள்ளது, 2004-இல் ஜார்ஜ் பென்சனும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு. ஒரு பெரிய உயர்தொழில்நுட்ப உற்பத்தி நிறுவனத்தின் 9,000-க்கும் மேற்பட்ட மாதச் சம்பள ஊழியர்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். நிறுவனச் செலவில் படித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை விடுவது குறைந்திருந்தது. முதுநிலைப் பட்டம் பெற்ற பிறகு விலகல் கூடியது. ஆனால் பட்டத்துக்குப் பின் பதவி உயர்வு பெற்றவர்களிடம் விலகல் மறுபடி குறைந்தது. நிறுவனம் கட்டணம் கட்டுவதை விட, பட்டத்துக்குப் பின் என்ன செய்கிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அதே ஆண்டில் மேலாண்மைப் பேராசிரியர் பீட்டர் கப்பெல்லி, படிப்புதவி தரும் நிறுவனங்களை நோக்கித் தரமான ஆட்கள் வருகிறார்கள் என்றும், அந்த உதவியைப் பயன்படுத்திக்கொள்வதற்காகவே அவர்கள் கூடுதல் காலம் தங்குகிறார்கள் என்றும் எழுதினார். அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் இன்னொன்று, சிக்னா என்ற காப்பீட்டு நிறுவனம் பற்றி லூமினா அறக்கட்டளை 2016-இல் வெளியிட்ட கணக்கு. 2012 முதல் 2014 வரை செலவிட்ட ஒவ்வொரு டாலரும் திரும்பி வந்ததோடு, மேற்கொண்டு 1.29 டாலர் மிச்சமானது என்றது அது. இந்த எண்ணைப் படக்காட்சியில் போட்டு ஒப்புதல் கேட்கும் ஹெச்.ஆர். அதிகாரிகளுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. உயர்கல்வியைப் பரப்புவதே லூமினாவின் பணி. மேலும், படிக்க முன்வருபவர்கள் இயல்பாகவே முனைப்பு மிக்கவர்கள். படிப்புதவி இல்லாவிட்டாலும் அவர்களில் சிலர் முன்னேறியிருப்பார்கள்.

ரூபாய்க் கணக்கில் சொல்ல முடியுமா?

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்களை உங்கள் நிறுவனத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கும் ஊழியருக்கு இரண்டாண்டு எம்.டெக். கட்டணமாக 3 லட்சம் கொடுக்கிறீர்கள். அவர் விலகினால் என்ன ஆகும்? வேறு ஆள் தேடித் தரும் கன்சல்டன்சி, வழக்கமான 8.33 விழுக்காட்டின்படி, அதாவது ஒரு மாதச் சம்பளமாக, 1 லட்சம் கேட்கும். புதியவர் முதல் மூன்று மாதம் பாதி வேலைதான் செய்வார் என்று வைத்தால் அதில் 1.5 லட்சம். வெளியிலிருந்து வருபவர் அதே வேலைக்கு ஆண்டுக்கு 2 லட்சம் கூடுதலாகக் கேட்பார். முதல் ஆண்டில் மொத்தம் 4.5 லட்சம். இவ்வளவோடு நிறுத்திவிட்டு, 3 லட்சம் போட்டு 4.5 லட்சம் மிச்சம் பிடித்தோம் என்று சொல்பவர்கள் உண்டு. அது தவறான கணக்கு.

உதவி பெறும் எல்லோரும் விலகத் தயாராக நின்றவர்கள் அல்லர். மூன்று பேருக்கு 9 லட்சம் கொடுத்து, அந்த உதவி இல்லாவிட்டால் அவர்களில் ஒருவர் மட்டுமே போயிருப்பார் என்றால், மிச்சம் 4.5 லட்சம்தான், பாதிப் பணம் போயிற்று. இரண்டு பேர் விலகலைத் தடுத்தால்தான் சரிக்குச் சரி ஆகும். ஆளைத் தக்கவைப்பது மட்டும் செலவை நியாயப்படுத்துவது அரிது என்று நாம் சொல்வதன் காரணம் இதுவே.

மீதியை எங்கே பிடிப்பது? வெளியிலிருந்து 20 லட்சத்துக்கு ஆள் எடுக்க வேண்டிய இடத்தில், படித்து முடித்த உங்கள் ஊழியரை 16 லட்சத்துக்கு உயர்த்தி வைத்தால் ஆண்டுக்கு 4 லட்சம் மிச்சம். கன்சல்டன்சிக் கட்டணம் ஏறத்தாழ 1.67 லட்சமும் மிச்சம். உங்கள் வாடிக்கையாளரையும், மென்பொருளின் பழைய நிரலையும், எந்த சர்வரை எப்போது தொடக்கூடாது என்பதையும் அவர் ஏற்கெனவே அறிந்தவர் என்பது கணக்கில் வராத கூடுதல். அவரை 12 லட்சத்திலேயே வைத்துக்கொண்டால் மிச்சம் இன்னும் பெரிதாயிற்றே என்று சில முதலாளிகள் நினைப்பார்கள். பென்சன் ஆய்வு காட்டியது அவர்களுக்காகத்தான்.

பெங்களூரில் வேலையில் இருந்துகொண்டே படிக்க என்ன வழிகள் உள்ளன?

பிலானியின் பிட்ஸ் நிறுவனம் 1979 முதல் நடத்திவரும் வில்ப் எனப்படும் பணியோடு இணைந்த கல்வித் திட்டம் இங்கே மிகவும் பழக்கமானது. விண்ணப்பத்திலேயே நிறுவனத்தின் ஒப்புதலும், நிறுவனத்திலிருந்து ஒரு வழிகாட்டியின் பெயரும் கேட்கப்படும். சர்ஜாபூர் சாலையில் தலைமையகம் கொண்ட விப்ரோ, பி.எஸ்சி., பி.சி.ஏ. முடித்தவர்களை வேலைக்கு எடுத்து, தன் செலவில் முதுநிலைப் பட்டம் படிக்கவைக்கும் முறையை 1990-களிலிருந்தே நடத்துகிறது; தமிழ்நாட்டின் கலை அறிவியல் கல்லூரிகளிலிருந்து பெங்களூரு வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர் இந்த வழியில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்கள். பன்னேர்கட்டா சாலையில் உள்ள ஐ.ஐ.எம்.மின் பி.ஜி.பி.இ.எம். வேலையில் இருப்போருக்கான இரண்டாண்டு மேலாண்மைப் படிப்பு. ஆராய்ச்சி நிறுவனங்களில் இருப்பவர்கள் வெளிப் பதிவு முறையில் இந்திய அறிவியல் கழகத்தில் பிஎச்.டி. செய்யலாம். எலக்ட்ரானிக் சிட்டியில் உள்ள தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமான ஐ.ஐ.ஐ.டி.யும் கவனிக்கத்தக்கது.

பட்டம் எதற்கு? ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு போதாதா?

ஒரு குறிப்பிட்ட கருவியைக் கற்க அது போதும், செலவும் குறைவு. ஆனால் ஆளை இரண்டு ஆண்டு தங்கவைக்கும் ஆற்றல் அதற்குக் கிடையாது. பட்டத்துக்கு வேலைக்கு வெளியேயும் மதிப்பு உண்டு என்பதை மறக்க வேண்டாம். வரன் பார்க்கும் இடத்தில் எம்.டெக். என்று எழுத முடிகிற ஊழியர், அதற்கு வழிசெய்த நிறுவனத்தை எளிதில் மறப்பதில்லை. இன்னொன்று: சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட பட்டப் படிப்புக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அங்கீகாரமற்ற சான்றிதழ்ப் படிப்புக்கு 18 விழுக்காடு உண்டு.

கட்டணம் கட்டினால் மட்டும் போதுமா, நேரமும் கொடுக்க வேண்டுமா?

எங்கள் அனுபவத்தில் திட்டங்கள் தோற்பது பணத்தால் அன்று, சனிக்கிழமையால். நிர்வாகம் கட்டணத்தை மகிழ்ச்சியோடு அனுமதிக்கும். குழு மேலாளர் வெள்ளி இரவு மென்பொருள் ரிலீஸ் வைப்பார். விடிய விடிய விழித்தவர் காலை வகுப்பில் கேமராவை அணைத்துவிட்டுத் தூங்குவார். முதல் பருவத் தேர்வில் இரண்டு தாள் போகும். அதன்பின் படிப்பை விட்டுவிடுவார். பல திட்டங்களில் தேறாத தாளுக்குக் கட்டணம் திரும்பக் கிடைக்காது என்பதால், பணத்தையும் இழந்து நிறுவனத்தின் மேல் மனக்கசப்போடு இருப்பார். அவரே முதலில் போவார். ஆகவே ஒப்புதல் கடிதத்தில் தொகையை எழுதும்போதே தேர்வு வாரங்களில் எத்தனை நாள் விடுப்பு, வகுப்பு நாட்களில், அழைத்தால் உடனே செய்ய வேண்டிய ஆன்-கால் வேலை உண்டா இல்லையா என்பதையும் எழுதி, அதில் ஹெச்.ஆர். மட்டுமன்றிக் குழு மேலாளரும் கையெழுத்திட வேண்டும்.

இறுதிப் பருவ ஆய்வேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பணியோடு இணைந்த படிப்புகளில் அதன் தலைப்பு வேலையிடத்திலிருந்தே எடுக்கப்படும். பெரும்பாலோர் எப்போதோ முடிந்த ப்ராஜெக்டைத் தூசி தட்டி எழுதிக் கொடுக்கிறார்கள். வழிகாட்டியாக இருக்கும் மேலாளரும் படிக்காமல் கையெழுத்திடுகிறார். கைக்கு வந்த ஆதாயத்தைத் தவறவிடுவது என்றால் இதுதான். பீன்யாவில் ஒரு பட்டறையில், சாப்பாட்டு இடைவேளைக்குப் பின் வரும் முதல் சில உருப்படிகளில் துளையின் அளவு சரியாக வராமல் தினமும் ரிஜெக்‌ஷன் ஆகிக்கொண்டிருந்தது. அங்கே எம்.டெக். படித்த எஞ்சினியர் அதையே தலைப்பாக எடுத்தார். எந்திரம் நின்றிருக்கும்போது அதன் சுழலும் தண்டான ஸ்பிண்டில் ஆறிச் சுருங்குகிறது, ஓடத் தொடங்கியதும் சூடேறி நீள்கிறது. இதை வெப்பமானி வைத்துப் பதிவு செய்து, இடைவேளைக்குப் பின் சில நிமிடம் வெறுமனே ஓடவிடும் முறையையும், சூட்டுக்கு ஏற்ப எந்திரத்தின் அளவைச் சரிசெய்யும் ஆஃப்செட் திருத்தத்தையும் எழுதிக் கொடுத்தார். அந்த ரிஜெக்‌ஷன் நின்றது. தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் முதலாளியே உட்கார்ந்ததுதான் அங்கே நடந்த வித்தியாசம்.

இடையில் விலகினால் பணம் தருவேன் என்று பாண்டு எழுதி வாங்கலாமா? சட்டப்படி செல்லுமா?

எழுதி வாங்கலாம், எதை எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தே அது செல்லும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி, ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனை இதில் அடிபடும். வேலையில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாடு வேறு வகை. அதை உச்ச நீதிமன்றம் 1967-லேயே கோலிகரி வழக்கில் ஏற்றது.

குறைந்தபட்சப் பணிக்காலம் பற்றி 2025 மே 14 அன்று வந்த விஜயா வங்கி வழக்கின் தீர்ப்பு முக்கியமானது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கி, 2019-இல் பரோடா வங்கியுடன் இணைந்த அந்த வங்கி, மூன்றாண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு அதிகாரிகளை நியமித்திருந்தது. 2009-இல் விலகிய ஒருவர் எதிர்ப்புத் தெரிவித்துப் பணத்தைக் கட்டிவிட்டு வழக்குத் தொடுத்தார். கர்நாடக உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, அந்த நிபந்தனை தொழில் தடையும் ஆகாது, பொதுக் கொள்கைக்கு எதிரானதும் ஆகாது என்றது. பொதுத்துறை வங்கி ஓர் இடத்தை நிரப்ப வெளிப்படையான, செலவு மிகுந்த ஆள்தேர்வு நடத்த வேண்டியிருப்பதை நீதிமன்றம் கருத்தில் கொண்டது. ஆகவே எந்தத் தனியார் நிறுவனமும் எந்தத் தொகையையும் எழுதிக்கொள்ளலாம் என்று இந்தத் தீர்ப்பை வாசிப்பது அவசரம்.

அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் குறித்த தொகையை உச்சவரம்பாக வைத்து, நியாயமான இழப்பீட்டையே அனுமதிக்கிறது. 3 லட்சம் கட்டணத்துக்கு 10 லட்சம் பாண்டு எழுதினால் நீதிமன்றத்தில் முகம் சுளிப்பார்கள். உண்மையில் கட்டிய தொகையை மட்டும், பட்டம் முடிந்தபின் ஓராண்டு அல்லது இரண்டாண்டுக்குள் மாதவாரியாகக் குறைந்துகொண்டே வரும்படி எழுதுங்கள். எம் பார்வையில், ஐந்தாண்டு பாண்டு ஆளை இருத்திவைக்கும், மனத்தை இருத்திவைக்காது. போதாக்குறைக்கு, இந்த ஊரில் புதிய நிறுவனமே பாண்டுத் தொகையைக் கட்டி ஆளை எடுத்துக்கொண்டு போவதும் வழக்கம்.

வரி விஷயத்தில் கவனிக்க வேண்டியது என்ன?

அமெரிக்காவில் நிறுவனம் தரும் படிப்புதவியில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை ஊழியருக்கு வரி இல்லை; அதைப் பார்த்து இங்கும் அப்படியொரு தனி விலக்கு இருப்பதாக எண்ண வேண்டாம். ஊழியர் கட்ட வேண்டிய கட்டணத்தை நிறுவனம் கட்டினால் அது பெர்க்விசிட், அதாவது சம்பளத்தோடு சேர்த்து வரி விதிக்கப்படும் சலுகை, என்று கருதப்படக்கூடும். தொழிலுக்குத் தேவையான படிப்பு இது என்று கொள்கை ஆவணத்தில் எழுதி, பல்கலைக்கழகத்தோடு நிறுவனமே ஒப்பந்தம் செய்துகொண்டு நேரடியாகக் கட்டுவது நல்லது. ஆடிட்டரை முன்கூட்டியே கலந்துகொள்ளுங்கள். ஊழியர் தம் பெயரில் கல்விக்கடன் வாங்கினால், அதன் வட்டிக்கு எட்டு ஆண்டு வரை கழிவு உண்டு; ஆனால் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்.

எங்களுடையது இருபது பேர் வேலை செய்யும் சிறு நிறுவனம். நாங்களும் செய்ய முடியுமா?

ஆண்டுக்கு ஒருவருக்குச் செய்யுங்கள். யாருக்கு என்பதை, அடுத்த இரண்டு ஆண்டில் எந்த இடம் காலியாகும் அல்லது புதிதாக வேண்டும் என்பதிலிருந்து தொடங்கி முடிவு செய்யுங்கள். நன்றாக உழைத்ததற்கான பரிசாகக் கொடுக்காதீர்கள். தேர்வு முறையை எழுதி ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால், முதலாளியின் ஊர்க்காரருக்குக் கொடுத்தார்கள் என்ற பேச்சு அன்றே கிளம்பும். தருமபுரிக்காரர் நடத்தும் நிறுவனத்தில் கன்னடிகரும் தெலுங்கரும் வேலை செய்யும் இந்த ஊரில் அந்தப் பேச்சு படிப்புதவியின் பலன் முழுவதையும் அழித்துவிடும். முழுக் கட்டணமும் முடியாவிட்டால் பாதியைக் கொடுத்து, தேர்வு விடுப்பை முழுதாகக் கொடுங்கள்.

நான் ஊழியர். மேலாளரிடம் எப்படிக் கேட்பது?

அப்ரைசல் முடிந்து எல்லாத் தொகையும் பங்கிட்ட பிறகு கேட்காதீர்கள். பட்ஜெட் போடும் மாதத்துக்கு முன் கேளுங்கள். படிப்பின் புகழைப் பேச வேண்டாம். எந்தப் பாடம் எந்த வேலையில் பயன்படும், ஆய்வேட்டில் குழுவின் எந்தச் சிக்கலை எடுப்பீர்கள், முடித்தபின் எந்தப் பொறுப்பை ஏற்கத் தயார் என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பட்டத்துக்குப் பின் பொறுப்பு மாறும் என்பதை மின்னஞ்சலிலாவது எழுதி வாங்குங்கள். பாண்டில் கையெழுத்திடுமுன், நிறுவனமே உங்களை ஆட்குறைப்பில் நீக்கினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

எவ்வளவு செய்தும் பட்டம் முடித்தவர் விலகல் கடிதம் கொடுத்துவிட்டார். என்ன செய்வது?

முதலில், எந்தப் பொறுப்பை எதிர்பார்த்தார், அது எப்போது கிடைக்கும் என்று யார் சொல்லியிருந்தார் என்பதை அவரிடமே கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த ஆளுக்குக் கட்டணம் ஒதுக்குமுன் நீங்கள் படிக்க வேண்டிய குறிப்பு அது. பாண்டின்படி மீதமுள்ள தொகையை இறுதிக் கணக்கில் சேர்த்து, கணக்கிட்ட முறையை அவருக்குக் காட்டுங்கள். ஒரே தவணையில் கட்ட முடியாவிட்டால் காலம் கொடுங்கள். ரிலீவிங் லெட்டரை நிறுத்திவைப்பதும், அசல் சான்றிதழ்களைப் பிடித்துக்கொள்வதும் கூடவே கூடாது. பட்டச் சான்றிதழ் படித்தவரின் உடைமை, கட்டணம் கட்டியதால் அது நிறுவனத்துக்குச் சொந்தமாகிவிடாது. நோட்டீஸ் காலமான தொண்ணூறு நாளில் அவர் கற்றதை மற்ற இருவருக்குச் சொல்லிக்கொடுக்க வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். மூன்று ஆண்டு கழித்து மேலாளர் இடம் காலியாகும்போது, கன்சல்டன்சிக்குத் தொலைபேசி செய்யுமுன் அவருக்குச் செய்யுங்கள்.